விழும் குடையை எந்தப் பக்கத்தில் வைப்பது?

சியோல் நகரின் மேட்டுத் தெரு ஒன்றை மனதில் வரைந்துகொள்ளுங்கள். நான்கு மாடிக் கட்டடம், அதன் மொட்டை மாடியில் ஒற்றை அறை. கொரியாவில் இப்படிப்பட்ட அறைக்கு ஒக்தப்பாங் என்று பெயர். வாடகை குறைவு; வெயிலும் குளிரும் அதிகம். அங்கே குடியிருக்கும் பெண் கைப்பிடிச் சுவரோரம் நிற்கிறாள். கையிலிருந்து குடை நழுவுகிறது.

இதை நீங்கள் கைபேசியில் படிக்கிறீர்கள். முதலில் விரல்கள் மட்டும் தெரிகின்றன. கட்டைவிரலால் திரையை மேலே தள்ளுகிறீர்கள், வெறும் வெள்ளை. இன்னும் தள்ளுகிறீர்கள், குடை, சின்னதாக. மறுபடி வெள்ளை. அப்புறம் குடை கொஞ்சம் பெரிதாக, பக்கத்தில் துணி காயும் கொடி. மறுபடியும் வெள்ளை. கடைசியில், கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கும் பையன் ஒருவனின் முகம்.

இது எந்தக் காமிக்ஸிலும் வந்த காட்சி அல்ல. இந்தக் கட்டுரைக்காக நான் கட்டியது. ஆனாலும் திரையில் உருட்டிப் படிக்கும் கொரியக் காமிக்ஸான வெப்டூன் நாலைந்து படித்தவர்களுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். சரி, இந்தக் காட்சியைக் காகிதத்தில் அச்சடித்துப் புத்தகமாக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

"வெட்டி அடுக்கினால் போச்சு" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் பதில். புத்தக வடிவமைப்பு வேலை பார்க்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன். நண்பர் ஒருவர் வரைந்த சிறு வெப்டூனை எடுத்து, நீளப் பட்டையை மூன்று துண்டாக்கி, ஒரு பக்கத்தில் மூன்று பத்தியாக நிறுத்தி, அச்செடுத்து அக்கா மகளிடம் நீட்டினேன். முதல் பத்தியில் பாதி தூரம் இறங்கியவள், பாதியிலேயே வலப்பக்கம் தாவினாள். திரும்பி வந்தாள். "மாமா, இதுல எதை முதல்ல படிக்கணும்?" என்றாள். கைபேசியில் அதே கதையை அவள் ஒரு தடங்கலும் இல்லாமல் படித்து முடித்திருந்தாள்.

மவுஸ் சக்கரத்தில் பிறந்தது

வெப், கார்ட்டூன் என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்துக் கொரியர்கள் உண்டாக்கிய பெயர் வெப்டூன். கொரியக் காமிக்ஸுக்குப் பொதுப்பெயர் மான்ஹ்வா. அதில் இணையத்துக்கென்றே, மேலிருந்து கீழாக ஒரே நீளப் பட்டையாக, பெரும்பாலும் முழு வண்ணத்தில் வரைவது வெப்டூன். 2003இல் டாவும் என்ற கொரிய இணையதளம் இதற்கெனத் தனிப் பகுதி தொடங்கியது. அடுத்த ஆண்டு இன்னொரு கொரியத் தளமான நேவர் வந்தது. காங் ஃபுல் என்ற பெயரில் வரையும் ஓவியர் அதே 2003இல் டாவும் தளத்தில் ஒரு காதல் தொடரை ஆரம்பித்தார். உருட்டி உருட்டிப் படிக்கும் நெடுந்தொடர் வாசகரைப் பிடித்து வைக்கும் என்பதை எல்லோருக்கும் காட்டியது அந்தத் தொடர்தான்.

வெப்டூன் கைபேசிக்காகப் பிறந்தது என்று பலர் நம்புகிறார்கள். ஐபோன் கொரியாவில் விற்பனைக்கு வந்ததே 2009 நவம்பரில்தான். அதுவரை வாசகர்கள் கணினி முன் உட்கார்ந்து மவுஸ் சக்கரத்தை உருட்டிப் படித்தார்கள். கைபேசி பின்னால் வந்தது. வந்தபோது இந்த வடிவம் அதற்கென்றே தைத்த சட்டை மாதிரி பொருந்திப்போனது. 2014 ஜூலையில் நேவர் குழுமம் ஆங்கிலத்திலும் சேவையைத் தொடங்க, கொரியரல்லாத ஓவியர்களும் இந்த வடிவத்தில் வரையத் தொடங்கினார்கள்.

கொரியர்களே இரண்டையும் வேறு வேறு கலையாகத்தான் பார்க்கிறார்கள். பக்கம் பக்கமாக வரைவதற்குச் சுல்பன் மான்ஹ்வா, அதாவது பதிப்பு மான்ஹ்வா என்று பெயர். ஒவ்வொரு கட்டத்தையும் சினிமாக்காரர்களைப் போல 'கட்' என்கிறார்கள். அந்தக் கட்டுகளை எப்படிக் கோத்துக் காட்டுவது என்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் 'யொன்சுல்' என்ற சொல்லும் நாடகத்திலும் சினிமாவிலும் இயக்கத்துக்கு வழங்கும் சொல்தான். வெப்டூனைப் புத்தகமாக்குபவர் கதையை மறுபடி ஒருமுறை இயக்குகிறார் என்று வைத்துக்கொண்டால், இனி சொல்லப்போகும் தொல்லைகள் எளிதாக விளங்கும்.

பதினோரு மீட்டர்

கொஞ்சம் கணக்கு. நேவர் குழுமத்தின் ஆங்கில வெப்டூன் தளத்தில் யார் வேண்டுமானாலும் படைப்பை ஏற்றும் பகுதியில் படத்தின் அகலம் 800 பிக்ஸல். நீளத்துக்கு எல்லை இல்லாத மாதிரிதான். 1,280 பிக்ஸல் உயரத் துண்டுகளாக வெட்டி ஏற்றினால் தளம் அவற்றை இடைவெளி தெரியாமல் ஒட்டிக் காட்டிவிடும். வாரத் தொடர் ஒன்றின் ஓர் எபிசோடில் 60 கட் இருப்பது சாதாரணம். ஒரு கட்டுக்கும் அதை ஒட்டிய வெற்றிடத்துக்கும் சேர்த்து 1,000 பிக்ஸல் என்று வைத்தால், எபிசோடின் நீளம் 60,000 பிக்ஸல்.

இதை ஏ5 புத்தகத்தில் போட வேண்டும் என்று வையுங்கள். ஏ5 என்றால் அகலம் 14.8 செ.மீ., உயரம் 21 செ.மீ. பக்க அகலத்துக்குப் படத்தை நிரப்பினால் அந்த ஒரு எபிசோடின் நீளம் 11 மீட்டர். 21 செ.மீ.க்கு ஒரு வெட்டு என்று வெட்டினால் 53 பக்கம். இருபத்தைந்து எபிசோட் சேர்ந்தால் 1,300 பக்கத்துக்கு மேல். செங்கல்லுக்குப் பதில் வைத்துக் கட்டலாம்.

உண்மையில் வந்த புத்தகங்கள் என்ன சொல்கின்றன? நியூசிலாந்து ஓவியர் ரேச்சல் ஸ்மைத் வெப்டூன் தளத்தில் வரைந்த 'லோர் ஒலிம்பஸ்' தொடரின் முதல் அச்சுத் தொகுதி 2021 நவம்பரில் வந்தது. முதல் 25 எபிசோடுகள், ஏறத்தாழ 380 பக்கம். எபிசோடுக்குப் பதினைந்து பக்கம்தான் ஆகிறது. நம் கணக்கில் வந்த 53 எங்கே, இந்தப் பதினைந்து எங்கே? நடுவில் காணாமல் போனதில் பெரும்பகுதி கதை அல்ல, வெற்றிடம். மிச்சம், படங்களைச் சுருக்கிப் பக்கத்துக்கு நாலைந்தாக அருகருகே உட்காரவைத்ததில் மிச்சமான இடம்.

கதை போகவில்லை, வெற்றிடம்தானே போனது என்று நிம்மதிப்பட முடியாது. வெப்டூனில் அந்த வெற்றிடம்தான் கடிகாரம்.

வெள்ளை என்பது நேரம்

நம் குடை விழும்போது இடையில் வந்த வெள்ளையை நினைத்துப் பாருங்கள். அதைக் கடக்க உங்கள் விரல் இரண்டு முறை தள்ள வேண்டியிருந்தது. அந்த இரண்டு தள்ளலின் நேரம்தான் குடை காற்றில் இருந்த நேரம். ஓவியர் வெள்ளையைக் கூட்டினால் குடை மெதுவாக விழும், குறைத்தால் சட்டென்று விழும். இரண்டு பேர் பேசும்போது ஒருவர் கேள்விக்கும் மற்றவர் பதிலுக்கும் நடுவே ஒரு திரை அளவு வெறுமை இருந்தால், அது தயக்கம். இறந்தவரின் படத்துக்குப் பின் மூன்று திரைக்குக் கறுப்பு மட்டும் ஓடினால், அங்கே வாசகர் சும்மா இருக்க வைக்கப்படுகிறார். கடந்தகாலம் வரும்போது பின்புலம் வெள்ளையிலிருந்து மெல்லச் சாம்பலாகி, கறுப்பாகி, கதை வேறொரு ஆண்டுக்குள் நுழையும்.

இன்னொன்றும் உண்டு. கைபேசியில் அடுத்து என்ன வரும் என்பதை எட்டிப் பார்க்க முடியாது. திரையில் ஒரு நேரத்தில் ஒன்றரைக் கட்டம் தெரிந்தால் அதிகம். பையன் முகம் குடைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. விரல் இறங்கினால்தான் வெளிப்படும். புத்தகத்தில் அப்படி இல்லை. விரித்த உடனே இரண்டு பக்கமும் மொத்தமாகக் கண்ணில் விழுந்துவிடும். முதல் கட்டத்தைப் படிக்கும்போதே ஓரக்கண் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிடுகிறது. பேய்க்கதை என்றால் பேய் முன்கூட்டியே வணக்கம் சொல்லிவிடும்.

ஆக, உருட்டலில் நேரத்தையும் ரகசியத்தையும் சேர்த்துக் காப்பாற்றியது அந்த நீளம். புத்தகத்தில் நீளம் கிடையாது. ஈடாக அதற்கு இருப்பவை இரண்டு: பக்கத்தின் பரப்பு, பக்கம் திருப்பும் கை.

குடைக்கு மூன்று வழி

குடைக் காட்சி கைபேசியில் 800க்கு 8,000 பிக்ஸல் என்று கொள்வோம். அகலத்தைப் போலப் பத்து மடங்கு உயரம். அப்படியே சுருக்கி ஏ5 பக்கத்தின் உயரத்துக்குள் நிறுத்தினால் அகலம் 2.1 செ.மீ. பேருந்துச் சீட்டு அளவு. பையன் முகம் மிளகு மாதிரி இருக்கும். இது ஆகாது.

முதல் வழி, அந்த விழுகையை ஒரே நெடுங்கட்டமாக மறுபடி வரைவது. பக்கத்தின் வெளியோரம் மேலிருந்து கீழ்வரை ஐந்து செ.மீ. அகலத்துக்கு ஒரு கட்டம். உச்சியில் கை, நடுவில் குடை, அடியில் தெரு. மீதி அகலத்தில் பெண்ணின் முகம், கொடியில் துணி, பையனின் செருப்பு என்று சிறு கட்டங்கள். நான் பார்த்தவரையில் செங்குத்துக் காட்சிகளுக்கு அதிகம் கையாளப்படுவது இதுதான். உயரம் தெரியும், கண்ணும் கீழே இறங்கும். ஆனால் இறங்கும் வேகம் வாசகர் கையை விட்டுப் போய்விடும். ஒரே பார்வையில் குடை தரையில் இருக்கும்.

இரண்டாவது வழி, விழுகையைக் காட்டாமலே விடுவது. வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் விரல்களிலிருந்து குடை நழுவுகிறது. வாசகர் பக்கத்தைத் திருப்புகிறார். அடுத்த இடப்பக்கம் முழுக்க, அல்லது இரட்டைப் பக்கம் முழுக்க, அண்ணாந்து பார்க்கும் பையன். குடை அவன் தலைக்கு மேலே ஒரு முழம். காகிதம் புரளும் அந்த அரை நொடிதான் குடை காற்றில் இருந்த நேரம். வெள்ளை செய்த வேலையை இங்கே காகிதத்தின் தடிமன் செய்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இதில் துணிக்கொடியும் உயரமும் போய்விடும். உயரம் பின்னால் கதைக்கு வேண்டும் என்றால் (அந்தப் பெண்ணுக்கு உயரம் என்றாலே பயம் என்று வையுங்கள்) இந்த வழி உதவாது.

மூன்றாவது, வெறும் பக்கத்தையே செலவழிப்பது. இடப்பக்கத்தின் உச்சியில் சின்னக் குடை மட்டும், கீழே முழுக்க வெள்ளை; வலப்பக்கத்தின் அடியில் பையன். அழகுதான். ஆனால் அச்சில் வெள்ளைக்கும் காசு. முழு வண்ணப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தை வெறுமைக்குத் தாரைவார்க்கப் பதிப்பாளர் லேசில் சம்மதிக்க மாட்டார். ஒரு தொகுதிக்கு ஒன்றோ இரண்டோ இடத்தில் கேட்டு வாங்கலாம்.

இந்த மூன்றில் எதுவும் 'சரியான' வழி இல்லை. ஆனால் நான்கு கட்டத்தையும் வந்த வரிசையில் சம அளவில் அடுக்கிவிட்டுப் போவது மட்டும் நிச்சயம் தவறு. மூலத்துக்கு உண்மையாக இருக்கிறோம் என்ற பெயரில் வந்த பல தொகுதிகளில் படிக்கப் படிக்க ஒரு மூச்சுத்திணறல் வரும். எல்லாப் படமும் இருக்கும், இடையில் மூச்சு மட்டும் இருக்காது.

இந்தத் தலைவலி வெப்டூனோடு பிறந்ததும் இல்லை. நாளிதழில் தினம் ஒரு பட்டையாக வந்த ஃபேன்டம் கதைகளை இந்திரஜால் காமிக்ஸ் புத்தகமாக்கியபோதும் கட்டங்களை வெட்டி, ஒட்டி, சிலவற்றை விட்டுத்தான் பக்கம் கட்டினார்கள். தினசரிப் பட்டையில் நேற்றைய கதையை நினைவூட்டும் கட்டம் ஒன்று வரும். புத்தகத்தில் அது அதிகப்படி. வெப்டூனிலும் வாரம் ஒருமுறை வரும் முன்கதைச் சுருக்கமும் தலைப்பு அட்டையும் இதே மாதிரிப் போய்விடும்.

குமிழ், கால், வானம்

வெப்டூனில் வசனக் குமிழ்கள் பெரும்பாலும் படத்துக்கு வெளியே, கட்டங்களுக்கு இடையிலான வெற்றிடத்தில் மிதக்கும். இடம் தாராளமாக இருப்பதால் முகத்தை மறைக்க வேண்டியதில்லை. புத்தகத்தில் அந்த வெற்றிடத்தைத்தான் நாம் தின்றுவிட்டோமே! குமிழ் எங்கே போகும்? படத்துக்குள் நுழைந்து யாருடைய தோளிலாவது உட்கார வேண்டியதுதான்.

எழுத்தின் அளவும் உதைக்கும். கைபேசித் திரையின் அகலம் சுமார் 7 செ.மீ.; அதில் வசதியாகப் படிக்க ஏற்ற அளவில் வசனம் எழுதப்பட்டிருக்கும். அதே கட்டம் புத்தகத்தில் 7 செ.மீ. அகலத்தில் நின்றால் பிரச்சினை இல்லை. பக்கத்தில் மூன்றாக நிறுத்த 4 செ.மீ. ஆக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். ஆகவே குமிழையும் வசனத்தையும் கழற்றிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். ஓவியர் படத்தை லேயர் லேயராகச் சேமித்து வைத்திருந்தால் பிழைத்தோம். எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஏற்றிவிட்டு மூலக் கோப்பைத் தொலைத்திருந்தால், குமிழுக்கு அடியில் இருக்கும் படம் இல்லவே இல்லை. யாராவது வரைந்து ஒப்பேற்ற வேண்டும்.

அதோடு, வாரா வாரம் 60 கட் வரைபவர்கள் வேண்டாததை வரைய மாட்டார்கள். பாத்திரங்கள் இடுப்போடு நின்று கீழே வெள்ளையில் கரைந்துவிடுவார்கள். உருட்டும்போது அது நளினமாக இருக்கும். புத்தகத்தில் கோடு போட்ட கட்டத்துக்குள் போட்டால் ஆளைப் பாதியில் அறுத்த மாதிரி தெரியும். கால் வரைய வேண்டும். அகலமான வானம் கைபேசிக்குள் அடங்காது என்பதால் வரையப்பட்டிருக்காது. ஆனால் புத்தகத்தை விரித்தால் 29.6 செ.மீ. அகலம் சும்மா கிடக்கிறதே. போர்க்களமோ நகரத்தின் இரவோ வரும் இடத்தில், இடமும் வலமும் நீட்டி வரைந்து இரட்டைப் பக்கமாக்கினால் கைபேசியில் கிடைக்காத ஒன்றை வாசகருக்குக் கொடுத்ததாகும். புத்தகம் வாங்குபவருக்கு அதுதானே லாபம். ஒரே எச்சரிக்கை: நடுமடிப்பில் யார் முகத்தையும் வைத்துவிடக் கூடாது. ஒட்டுக் கட்டுப் புத்தகத்தில் நடுவில் சில மில்லிமீட்டர் உள்ளே விழுங்கப்பட்டுவிடும்.

கோப்பின் தரத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். திரைக்கான 800 பிக்ஸல் படம் அந்தக் கணக்கில் 6.8 செ.மீ. அகலத்துக்குத்தான் தாங்கும். ஏ5 பக்கத்தின் முழு அகலத்துக்குச் சுமார் 1,750 பிக்ஸல் தேவை; ஓரம் வெட்டப்படுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாகப் படம் இருக்க வேண்டும். ஆகையால்தான் அனுபவமுள்ளவர்கள் முதலிலேயே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெரிதாக வரைந்து, தளத்துக்குச் சுருக்கி அனுப்புகிறார்கள்.

திரையின் நீலம், மையின் நீலம்

'சோலோ லெவலிங்' பார்த்தவர்களுக்கு அதன் ஊதாவும் நீலமும் கண்ணில் நிற்கும். சூகோங் என்ற புனைபெயர் கொண்டவர் எழுதிய இணைய நாவல் அது, 2018இல் வெப்டூனானது. ஓவியர் டுபு, ரெட்ஐஸ் ஸ்டூடியோவைச் சேர்ந்தவர், 2022இல் காலமானார். ஒளிரும் கண்கள், நிழலிலிருந்து எழும் படை, இருட்டில் மின்னும் கத்தி என்று அந்தக் கதையின் பாதி கவர்ச்சி வெளிச்சத்தில் இருக்கிறது.

திரை தானே ஒளி உமிழ்கிறது. காகிதத்தால் முடியாது, அது மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். திரையின் நிறம் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கூட்டு. அச்சின் நிறம் சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் கூட்டு. திரை காட்டும் மின்நீலம் இந்த நான்கு மைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. மாற்றிப் பார்த்தால் நீலம் சோர்ந்து, துவைத்த லுங்கி மாதிரி ஆகிவிடும். இதற்குச் செய்யக்கூடியது, நீலத்தைக் கூட்டுவதல்ல. சுற்றியுள்ளதை அடக்கி அந்த நீலத்தைத் தூக்கிக் காட்டுவது.

இருட்டுக் காட்சி இன்னும் மோசம். பின்வெளிச்சம் இருப்பதால் திரையில் கறுப்புக்குள் கறுப்பாக வரைந்த சுவரும் கதவும் தெரியும். காகிதத்தில் மை ஊறிப் பரவுவதால் எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். இருட்டுப் பக்கங்களை முன்கூட்டியே வெளிச்சமாக்கித்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும். கறுப்புப் பின்புலம் வரும் பக்கங்களில் விரல் ரேகை பதியும் என்பது கொசுறு.

முழு வண்ணம் என்பதால் விலையும் ஏறும். 2021 மார்ச்சில் யென் பிரஸ் பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்த 'சோலோ லெவலிங்' முதல் தொகுதியின் விலை 20 டாலர். கறுப்பு வெள்ளையில் வரும் சாதாரண ஜப்பானிய மாங்கா தொகுதியைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கறுப்பு வெள்ளையாக்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: வண்ணத்தை நம்பி வரைந்த படத்தில் வண்ணத்தை எடுத்தால், கோடு தனியாக நின்று தாங்காது. மாங்கா ஓவியர் கோட்டாலும் நிழல் காட்டும் புள்ளிகளாலும் செய்வதை வெப்டூன் ஓவியர் நிறத்தால் செய்திருப்பார்.

எங்கே முடிப்பது

எபிசோடு வாராவாரம் வருவது. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கொக்கி இருக்கும், அடுத்த வாரம் வரவைக்க. புத்தகத்தில் பதினைந்து பக்கத்துக்கு ஒரு கொக்கி என்றால் வாசகருக்குச் சலிக்கும். சில கொக்கிகளைப் பக்கத்தின் நடுவில் கரைத்து விடலாம். நல்லதொன்றை மட்டும் தொகுதியின் கடைசிக்கு எடுத்து வைக்கலாம். கதை அடிப்படையில் பார்த்தால் 22ஆம் எபிசோடில் முடிப்பது சரி. ஆனால் அச்சகத்தில் ஃபாரம் கணக்கு இருக்கிறது, ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். கதை 16இன் மடங்கில் முடியாவிட்டால் மிச்சப் பக்கத்தை நிரப்ப ஓவியரின் கரட்டு வரைபடங்கள், குறுங்கதை, பாத்திர அறிமுகம் என்று எதையாவது தேட வேண்டும். 'பிரத்தியேக உள்ளடக்கம்' என்று அட்டையில் பெருமையாகப் போடுவதில் கொஞ்சம் இந்த ஃபாரம் கணக்கும் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி 'மிசேங்'. யூன் தே-ஹோ 2012 முதல் 2013 வரை டாவும் தளத்தில் வரைந்த அலுவலகக் கதை அது. பாதுக் விளையாட்டை, அதாவது கோ என்ற பலகை ஆட்டத்தை, தொழிலாகக் கொள்ள முயன்று தோற்ற இளைஞன் ஒருவன் வணிக நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியனாகச் சேர்கிறான். 1989இல் நடந்த புகழ்பெற்ற பாதுக் இறுதி ஆட்டம் ஒன்றில் மொத்தம் 145 நகர்வுகள்; கதைக்கும் 145 எபிசோடுகள். ஒவ்வொன்றும் ஒரு நகர்வோடு தொடங்குகிறது. அச்சில் ஒன்பது தொகுதியாக வந்தபோது அந்த நகர்வுகளே அத்தியாயப் பிரிப்பானாக நின்றன. கட்டடம் முதலிலேயே உள்ளே இருந்தது. கொரியாவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்ற புத்தகம் அது. பேச்சும் முகமுமாக நகரும் கதை என்பதால் அதில் உருட்டல் வித்தைகளை நம்பிய இடங்கள் குறைவு. புத்தகத்துக்கு அதுவும் உதவியிருக்க வேண்டும்.

எதிர்முனையில் ஒன்று உண்டு. ஹோராங் 2011இல் நேவரில் வெளியிட்ட 'போங்சோன்-தோங் பேய்'. இரவில் தனியாக நடக்கும் மாணவி, எதிரே வளைந்து நெளிந்து நடக்கும் பெண். வாசகர் உருட்டிக்கொண்டே வரும்போது ஓர் இடத்தில் திரை தானாக ஓடத் தொடங்கி, பேய் முகத்துக்கு நேரே பாயும். உருட்டும் அதிகாரத்தை வாசகரிடமிருந்து பிடுங்குவதுதான் அந்தக் கதையின் முழுப் பயமும். இதை எந்தப் பக்க வடிவமைப்பாளராலும் காகிதத்தில் கொண்டுவர முடியாது; முயலவும் வேண்டாம்.

அப்படி இருந்தும் ஏன் அச்சடிக்கிறார்கள்? திரையில் படிப்பது வாடகை வீடு மாதிரி. தளம் ஒரு நாள் தொடரை எடுத்துவிட்டால் அவ்வளவுதான். பிடித்த கதை அலமாரியில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கொரியாவில் கூட்டு நிதி திரட்டிக்கூட அச்சுப் பதிப்பு கொண்டுவருகிறார்கள். முதல் பதிப்போடு அஞ்சலட்டை, பட அட்டை என்று சேர்த்துக் கொடுப்பதும் அங்கே வழக்கம். பிரான்சில் டெல்கூர் பதிப்பகம் வெப்டூன் புத்தகங்களுக்கென்றே கேபுக்ஸ் என்ற பிரிவை 2021இல் தொடங்கியது. வெப்டூன் நிறுவனமே 2022இல் ஆங்கிலத்தில் அச்சுப் பிரிவு ஒன்றை அறிவித்தது. அதன் பெயர் அன்ஸ்க்ரோல்ட், 'சுருள் அவிழ்த்தது'. பெயர் வைத்தவர் இந்த வேலையின் சிரமத்தை நன்றாக அறிந்தவர் போலும்.

ஒரு ஃபாரம் மடித்துப் பாருங்கள்

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பது எளிது. ஏ4 தாள் நான்கை நடுவில் மடித்து, முதுகில் ஸ்டேப்ளர் பின் இரண்டு அடியுங்கள். 16 பக்கக் குட்டிப் புத்தகம் தயார். பக்க எண் போடுங்கள். உங்களுக்குப் பிடித்த எபிசோட் ஒன்றைத் திறந்து, படம் வரையாமல், ஒவ்வொரு கட்டையும் ஒரு வரியில் எழுதுங்கள்: 'கை', 'வெள்ளை, இரண்டு திரை', 'குடை சிறிது' என்று. வெள்ளையை எழுதத் தவறாதீர்கள்.

பிறகு அந்த வரிகளைப் பென்சிலால் கட்டங்களாகப் பக்கங்களில் நிரப்புங்கள். ஒற்றைப்படை எண்கள் வலப்பக்கம் வரும், இரட்டைப்படை எண்கள் இடப்பக்கம். ஒளிக்க வேண்டியது எதுவோ அது இரட்டைப்படைப் பக்கத்தில் விழ வேண்டும். அப்போதுதான் அதற்கு முன் ஒரு திருப்பல் இருக்கும். குடை ஏழாம் பக்கத்தின் கடைசியில் நழுவி, பையன் எட்டாம் பக்கத்தில் அண்ணாந்து பார்த்தால் வேலை முடிந்தது.

பெரும்பாலும் அப்படி அமையாது. குடை எட்டில் நழுவி, பையன் ஒன்பதில், எதிர்ப்பக்கத்திலேயே வெட்டவெளிச்சமாக நிற்பான். அப்போது முன்னால் எங்காவது ஒரு பக்கத்தைக் குறைக்க வேண்டும், இல்லையேல் கூட்ட வேண்டும். இரண்டாம் பக்கத்தில் அவள் மாடிப்படி ஏறும் கட்டங்களைக் கொஞ்சம் நீட்டலாமா, ஐந்தாம் பக்கத்து வசனத்தை இறுக்கலாமா என்று ரப்பரும் பென்சிலுமாக முதல் ஏழு பக்கத்தையும் கலைத்து மறுபடி அடுக்குவீர்கள்.

என் நண்பரின் கதைக்கு நான் ஆறு தடவை மடித்தேன். ஆறாவதை அக்கா மகளிடம் கொடுத்தேன். இந்த முறை கேள்வி ஒன்றும் வரவில்லை, ஏழாம் பக்கத்தில் மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டுத் திருப்பினாள்.